ஒரே இதயத்துக்கு இரண்டு சொல்

குருநகரிலிருந்து வந்த அந்த மீனவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மனைவியும் கூட வந்திருந்தார். நான் யாழ்ப்பாணத்தில் இதய ஸ்கான் செய்யும் மருத்துவர். கடலுக்குப் போகக்கூடாது என்று வேறொரு மருத்துவர் அவரை மறித்துப் பல மாதங்களாகியிருந்தன. இதயம் இன்னும் மோசமாகிவிட்டதா என்று அறியத்தான் என்னிடம் வந்திருந்தார்கள்.

முன்பு இரண்டு தனியார் நிலையங்களில், ஒரு வருட இடைவெளியில், ஸ்கான் எடுத்திருக்கிறார். இதயம் சுருங்கும் பலத்தை முதலாவது நிலையம் 'திருப்தி' என்று எழுதியிருந்தது. இரண்டாவது 'லேசான பலவீனம்' என்றது. இரண்டையும் வாசித்த அந்த மருத்துவர், ஒரே வருடத்தில் இதயம் பழுதாகிக்கொண்டு போகிறது என்று முடிவு கட்டிவிட்டார். யார் வாசித்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

நான் புதிதாக ஸ்கான் செய்தேன். பழைய படங்களையும் கணினியில் போட்டு அளந்தேன். மூன்றிலும் பலம் ஒன்றுதான். எப்போதோ வந்துபோன சிறிய மாரடைப்பின் தழும்போடு அந்த இதயம் தன்பாட்டில் வேலை செய்துகொண்டிருந்தது.

"அப்ப என்ரை நெஞ்சிலை என்ன மாறினது, டொக்டர்?"

"ஒண்டும் மாறேல்லை, அண்ணை. ஒரே விசயத்தை ஒவ்வொரு இடத்திலையும் ஒவ்வொரு சொல்லாலை எழுதியிருக்கினம்."

அவர் சட்டைப் பொத்தான்களைப் பூட்டினார். மனைவிதான் கேட்டார்: "இவர் வள்ளத்தை வித்துப் போட்டார். உந்தச் சொல்லை எழுதினவை அதைத் திருப்பி வாங்கித் தருவினமோ?"

அவரை வேகநடை இயந்திரத்தில் நடக்கவிட்டுச் சோதித்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. கடலுக்குப் போகலாம் என்றேன். ஆனால் போக வள்ளம் இல்லை.

அன்று பின்னேரமே இரண்டு நிலையங்களுக்கும் தொலைபேசி எடுத்தேன். "நாங்கள் எப்பவும் அப்பிடித்தான் எழுதிறது" என்றார் ஒருவர். "எங்கடை சொல் சரி, மற்ற ஆக்களைக் கேளுங்கோ" என்றார் மற்றவர். இரண்டு பேரும் அளவைச் சரியாகத்தான் எடுத்திருந்தார்கள். அந்த இலக்கத்தை அறிக்கையில் எழுதத்தான் ஒருவருக்கும் மனம் வரவில்லை. பருத்தித்துறையில் நிறுத்தாலும் குருநகரில் நிறுத்தாலும் ஒரு கிலோ மீன் ஒரு கிலோதான். மனிதனின் இதயத்துக்கு அந்த மரியாதைகூட இல்லையா?

எல்லோரும் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்று, மற்ற நிலையங்களில் ஸ்கான் செய்பவர்களைக் கொக்குவிலில் என் வீட்டுக்கு அழைத்தேன். சில ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. 'திருப்தி' என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும் என்றபோது பெரிய சண்டையே வந்தது.

"முப்பது வருசமா எழுதிறன். ஒருத்தரும் பிழை சொல்லேல்லை" என்றார் மூத்த நிபுணர் ஒருவர்.

"ஆருக்குத் திருப்தி, சேர்? எழுதிறவருக்கோ, வருத்தக்காரருக்கோ?" என்று கேட்டேன்.

அவர் தேநீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். மற்றவர்களும் நானும் இருந்து பேசி முடிவெடுத்தோம். அறிக்கையில் முதலில் அளவு, பிறகு பலத்துக்கு நான்கே நான்கு சொற்கள், எந்த அளவுக்கு எந்தச் சொல் என்ற எல்லை. முந்திய ஸ்கான் இருந்தால், மாற்றம் உண்டா இல்லையா என்று கட்டாயம் ஒரு வரி. இவ்வளவுதான். இது இத்தனை வருடங்களாக ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை என்று நினைக்க இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது.

இன்று பல இடங்களில் அந்தச் சொற்களைத்தான் எழுதுகிறார்கள். மூத்த நிபுணர் மட்டும் தன் வழக்கத்தை விடவில்லை. அந்த மீனவர் வேறொருவரின் வள்ளத்தில் பங்குக்கு மீன்பிடிக்கப் போகிறார். பரிசோதனைக்குக் கூட வரும் மனைவி இப்போதும் என்னிடம் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. ஒரு சொல்லால் வள்ளத்தை இழந்தவரிடம் நான் வேறெதை எதிர்பார்க்க முடியும்?