பாதி மனுவில் மை ஊற்றக் கூடாது

மனு எழுதுகிற தொழிலில் முதல் விதி, எதிரில் உட்கார்ந்து அழுகிறவர்களோடு சேர்ந்து நாமும் அழக் கூடாது என்பது. இங்க் பேனாவால் எழுதிய தாளில் ஒரு சொட்டு விழுந்தாலும் எழுத்து கலைந்து, இன்னொரு தாள் எடுக்க வேண்டியிருக்கும்.

பாகூரில் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போகிற தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் வாசலில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு பெஞ்சு. நாற்காலியில் நான். மேஜைக்கு அடியில் பாயில் என் மகள் நிலா, இரண்டேகால் வயது. நான் கான்வென்ட்டில் படித்தபோது சிஸ்டர்கள் பால்பாயின்ட் பேனாவைத் தொடவே விடவில்லை. கையெழுத்து கெட்டுப்போகுமாம். அந்தக் கையெழுத்துதான் இப்போது எனக்குச் சோறு போடுகிறது. கம்ப்யூட்டரிலேயே அடித்துக் கொடுக்கலாமே என்று கடைக்காரர் சேகர் அண்ணனிடம் ஒருமுறை கேட்டேன். "அடிச்சதெல்லாம் ஒரே மூஞ்சா இருக்கும்மா. கையால எழுதுனாத்தான் இதுக்குப் பின்னாடி ஒரு ஆள் நிக்குதுன்னு தெரியும்" என்றார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலாவுக்கு வலிப்பு வருகிறது. முதலில் காய்ச்சலோடு வந்தது. பிறகு காய்ச்சல் இல்லாமலேயே வந்தது. அடுத்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மாமியார் வயலுக்குப் போகிறவர். "எனக்குப் பாக்கவே பயம், என்கிட்ட வுடாத" என்று கும்பிட்டுவிட்டார். அதனால் அவளும் என்னோடு வேலைக்கு வருகிறாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போகிற அம்மாக்களே, உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. என் வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் இரவு ஷிஃப்ட். அவள் தூங்கும்போது எனக்குத் தூக்கம் வராது. அவள் மூச்சு ஏறி இறங்குவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பதில், பார்த்துக்கொண்டே எழுதலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கெஞ்சலா, சண்டையா

மணப்பட்டிலிருந்து அஞ்சலை அக்கா வந்தார். மீன் விற்கிறவர். அவர்கள் சந்தில் மூன்று மாதமாகத் தெருவிளக்கு எரியவில்லை. விடியாத நேரத்தில் வலையைத் தூக்கிக்கொண்டு போன அவர் வீட்டுக்காரர் கல்லில் இடறி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கிடக்கிறார். அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதி முடித்ததும், "குடு, எம் பேரு எங்க கீதுன்னு பாக்கறேன்" என்று தாளை வாங்கினார். கை கழுவிய ஈரம் காயவில்லை. 'அஞ்சலை' மட்டும் பூ மாதிரி விரிந்து போனது.

மறுபடி முதலிலிருந்து எழுதி, வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். 'பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்' என்ற இடம் வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார். "ஏம்மா, நான் சண்ட போடத்தானே வந்தேன். நீ இன்னா எனுக்கு பதுலா கெஞ்சிக்கினு கீற?"

இரண்டு நிற மனு

காலையில் வந்ததும் முதல் வேலை மை ஊற்றுவது. பேனாவின் கழுத்தைத் திருகிக் கழற்றி, நேற்றைய மிச்சத்தைத் தண்ணீரில் கழுவி, துணியில் உதறி, ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விளிம்பு வரை ஊற்றினால் எழுதும்போது கக்கும். அரை விரல் இடம் விட வேண்டும். அந்த இரண்டு நிமிடம் நிலா பாயிலிருந்து எழுந்து மேஜைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பாள். ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு தலையாட்டல். அப்போது அவளைப் பார்த்தால் எந்தக் குறையும் இல்லாத பிள்ளை.

ஒரு நாள் கரும்பு விவசாயி ஒருவர் வந்தார். வயலுக்கு வண்டி போகிற பாதையில் பக்கத்து நிலத்துக்காரர் வேலி போட்டுவிட்டார். வெட்டுக்கு வந்த கரும்பை வெளியே எடுக்க வழியில்லை. 'ஆகவே' என்று எழுதும்போது மை தீர்ந்தது. அதே நேரம் மேஜைக்கு அடியில் நிலா முனகினாள். குனிந்து நெற்றியைத் தொட்டேன். சுட்ட மாதிரியும் இருந்தது, சுடாத மாதிரியும் இருந்தது. பயந்தவள் கைக்கு எல்லா நெற்றியும் சுடும். ஒரு கையை அவள் மேல் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கிடைத்த பாட்டிலை எடுத்து ஊற்றி, மீதியை எழுதி முடித்தேன். அது கறுப்பு மை. மேலே விவரமெல்லாம் நீலம். வேலியை எடுக்கச் சொல்லி உத்தரவிட வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் கறுப்பு. நான் கவனிக்கவே இல்லை.

நான்காம் நாள் திரும்பி வந்தார். கைநாட்டு வைத்த பிறகு கடைசி வரிகளை யாரோ சேர்த்திருக்கிறார்கள் என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். நான்கு நாள் வெயிலில் கரும்பு காய்ந்துகொண்டிருந்தது. எனக்குத் தலை நிமிரவில்லை. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மேல இருக்கறது உன் மனுவாம், கீழ இருக்கறது என் திருட்டுத்தனமாம். எனுக்கு எழுதப் படிக்கவே தெரியாதும்மா. நான் திருடறதுன்னாகூட ஒரு ஆள வெச்சித்தான் திருடணும்."

நீல விரல்கள்

அது ஒரு திங்கட்கிழமை. பெஞ்சு நிறைய ஆட்கள். பேனாவில் மை ஊற்றிவிட்டேன், கழுத்தை இன்னும் திருகி மூடவில்லை. மேஜைக்கால் தட்தட்டென்று அதிர்ந்தது. குனிந்தால் நிலாவின் குதிகால். கண் மேலே போய்விட்டது, உடம்பு விறைத்துக்கொண்டிருந்தது. நான் ஒன்றுமே செய்யவில்லை, கத்தினேன். "இரும்பு குடுங்க, கையில இரும்பு குடுங்க" என்று ஆளுக்கு ஆள் சாவி தேடினார்கள். அவசரத்தில் யாரிடமும் சாவி அகப்படவில்லை. ஓர் அம்மா என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, நிப்பு இரும்புதானே என்று, நிலாவின் உள்ளங்கையில் திணித்து விரல்களை மூடிவிட்டார். கழுத்து கழன்று, பேனா நிறைய இருந்த மை அவள் கையில் கொட்டியது. வெட்டி வெட்டி இழுத்த கை வாயிலும் பட்டது. இழுப்பு நின்றபோது நகம், விரல், உதடு எல்லாம் நீலம்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவசரப் பிரிவு வாசலிலேயே ஒரு நர்ஸ் நிலாவின் உதட்டைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு ஓடினார். "நீலம் பாஞ்சிடுச்சு, ஆக்சிஜன் எடு!" முகமூடி வைத்தார்கள். யார் யாரோ ஓடி வந்தார்கள். நான் 'மை' என்று சொல்ல வேண்டும். ஓரெழுத்துச் சொல். ஊருக்கெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறவளுக்கு அந்த ஓரெழுத்து வாயில் வரவில்லை. அதைவிடக் கொடுமை, அவர்கள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து, ஒருவேளை மைக்கு அடியிலும் நீலம்தானோ என்று நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

வயதான நர்ஸ் ஒருவர் வந்து ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தார். பஞ்சு நீலமானது, உதடு சிவந்தது. எல்லோரும் பஞ்சைப் பார்த்தார்கள், பிறகு என் விரல்களைப் பார்த்தார்கள். முகமூடிக்குள் நிலா வீறிட்டு அழுதாள். இனிமேல் கையிலும் வாயிலும் எதையும் திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்க வை என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அதற்கு முன்னால் அவர் சொன்னது இது: "கொழந்த நல்லா செவப்பாத்தாம்மா இருக்குது. நீதான் வெளுத்துப் போயிருக்கற. மொதல்ல நீ ஒக்காரு."

மூன்று நிமிடம்

ஒவ்வொரு முறை வலிப்பு வரும்போதும் எழுதிவைக்கச் சொன்னார் டாக்டர். என்னைவிட நான்கைந்து வயது பெரியவராக இருப்பார், அவ்வளவுதான். எத்தனை மணிக்கு வந்தது, எந்தக் கை இழுத்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று நானும் ஒரு நோட்டுப் போட்டு எழுதினேன். முதல் முறை அதைத் திறந்ததுமே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு பக்கத்திலும், 'பொருள்: குழந்தைக்கு வலிப்பு வந்தது தொடர்பாக.' கை பழக்கம். நானும் சிரித்தேன்.

மூன்றாம் முறை போனபோது அவர் சிரிக்கவில்லை, பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். "ஆறு தடவையும் சரியா மூணு நிமிஷமா? கடிகாரம் பாத்தீங்களா?" நான் எங்கே பார்த்தேன்? பிள்ளையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கத்திக்கொண்டிருந்தேன். ஆனால் மனுவில் 'தெரியாது' என்று எழுதுவதில்லை. எதிரில் இருப்பவர் 'ரொம்ப நாளா' என்பார், நாங்கள் 'கடந்த நான்கு மாதங்களாக' என்று எழுதுவோம். எண் இருந்தால்தான் படிப்பார்கள். அதே பழக்கத்தில் இங்கேயும் ஓர் எண்ணைப் போட்டுவிட்டேன்.

அந்த எண்ணைப் பார்த்துத்தான் இரண்டு முறை மருந்தைக் கூட்டியிருந்தார். பகலெல்லாம் நிலா தூங்கி வழிந்ததும், 'காக்கா' என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அதையும் விட்டதும், நான் அழகாக எழுதிய பொய்யால்தானோ? எனக்கு அப்போதே அவர் மேஜைக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது. அவர் திட்டவில்லை. நோட்டை என் பக்கம் தள்ளினார். "நீங்க எழுதறத வெச்சித்தான் நான் மருந்து எழுதறேன். தெரியலன்னா தெரியலன்னே எழுதுங்க. அதுவும் எனக்கு வேணும்."

நொடி முள்

அடுத்த வலிப்பு வீட்டில், காலை ஆறேகாலுக்கு வந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். கத்தவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பெற்ற பிள்ளை தரையில் துடிக்கும்போது அவளை விட்டுவிட்டு நொடி முள்ளைப் பார்ப்பது எப்படிப்பட்ட வேலை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பார்த்தேன். ஒரு நிமிடம் பத்து நொடி. நான் நினைத்திருந்ததில் பாதிகூட இல்லை. அவள் தூங்கியதும் நோட்டை எடுத்தேன். வரி மேலே போனது, கீழே வந்தது, நடுவில் ஒரு பெரிய மைக்கொட்டல். சிஸ்டர்கள் பார்த்திருந்தால் முட்டி போட வைத்திருப்பார்கள். 'முதலில் வலது கையா இடது கையா, கவனிக்கவில்லை' என்றும் எழுதினேன்.

டாக்டர் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். வேறு சிலவும் கேட்டார். மருந்தைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம் என்று சீட்டு எழுதினார். அடுத்த மாதம் இன்னொரு பரிசோதனை இருக்கிறது. அதில் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்: "இன்னைக்குத்தாம்மா உங்க எழுத்த நம்பறேன்."

வெளியே உட்கார ஒரு மனு

போன வாரம் கூலி வேலைக்குப் போகிற அக்கா ஒருவர் வந்தார். மகன் படிக்கிற பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியருக்கு மனு வேண்டும்.

"இன்னா எழுதணும்க்கா?"

"பையன் பத்தாவது பரீட்ச எழுதறான். அந்த ரூமுக்கு வெளிய நான் ஒக்காந்துக்கணும். அவ்ளோதான்."

"எதுக்கு?"

"அவனுக்கு ஃபிட்ஸ் வரும்மா. சின்னப் புள்ளயிலேருந்து."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அவர் பேனாவை எட்டிப் பார்த்து, "மை தீந்துடுச்சா?" என்றார். மை இருந்தது. பதின்மூன்று வருடம் கழித்து நான் எப்படி இருப்பேனோ, அவளே எதிரில் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்பதுதான் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருடமும் அவனுக்கு வலிப்பு நிற்கவில்லையா? மனு எழுதுகிறவள் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "பயமா இருக்காதாக்கா உங்களுக்கு?"

அவர் மேஜைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த நிலாவைக் குனிந்து பார்த்தார், பக்கத்தில் இருந்த மருந்து பாட்டிலைப் பார்த்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "இல்லாம இருக்குமாடி? வந்தா ஒருக்களிச்சிப் போட்டுட்டுப் பக்கத்துலயே ஒக்காந்திருப்பேன். எழுந்ததும் பசிக்குதும்மாம்பான். சோறு போடுவேன். அவன் உள்ள பரீட்ச எழுதட்டும், நான் வெளிய ஒக்காந்து பயந்துக்கினு இருக்கறேன். அதுக்குத்தானே மனு கேக்கறேன்."

உள்ளே நடுங்கிக்கொண்டே வெளியே கோடு பிசகாமல் எழுதுகிறவளைத்தான் இந்த ஊர் தைரியசாலி என்று நம்பித் தேடி வருகிறது, நானும் நிப்பைத் துடைத்துக்கொண்டு 'சொல்லுங்க' என்கிறேன்.