ஒரு சாண் வெள்ளை மணல்

பெரியதாழைப் பக்கம் கிணறு வெட்டுகிறவர்களில் பால்துரையின் வாக்குக்குத் தனி மதிப்பு. கருங்களிமண்ணுக்கு நடுவே சிப்பித் துண்டுகளோடு ஒரு சாண் வெள்ளை மணல் தென்பட்டால் போதும், "ஊத்து வந்துட்டு, தைரியமா வீட்டைக் கட்டுங்க" என்பார். அந்த மணலில் கசியும் தண்ணீர் அப்படி இனிக்கும். முப்பது வருஷமாக அவர் வாக்கை நம்பி எத்தனையோ வீடுகள் எழும்பிவிட்டன.

இரண்டாயிரத்து நாலு சுனாமியைப் பார்த்த பிறகு கடலென்றாலே அவருக்கு ஆகாது. மகள் அனுசியாவுக்குக் கரையை விட்டு இரண்டு கிலோமீட்டர் தள்ளித்தான் மனை பார்த்தார். "கடலு இங்கன வரைக்குமா வரப் போவுது?" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். அங்கே கிணறு வெட்டியபோதும் அந்த மணல் வந்தது. குழிக்குள் நின்றபடியே கும்பிட்டார்.

இன்று காலை ஆராய்ச்சிக்காரர்கள் கடலோரத்தில் குழி வெட்ட அவரைக் கூட்டிப்போனார்கள். நெஞ்சளவு ஆழத்தில் அதே மணல்.

"இது ஊத்து மண்ணு, தாயி" என்றார், அங்கிருந்த ஆராய்ச்சிக்காரப் பெண்ணிடம் பெருமையாக.

"இல்ல அண்ணாச்சி. இது எப்பவோ ஒரு பெரிய சுனாமி கொண்டுவந்து போட்ட மணல். வந்தது திரும்பவும் வரலாம். அன்னைக்கு எவ்வளவு தூரம் உள்ள வந்துச்சுன்னுதான் தெரியணும். அடுத்த குழியை எங்க வெட்டலாம்?"

முப்பது வருஷமாகப் பால்துரை கைகாட்டிய மனைகள் ஒவ்வொன்றாக அவர் கண்முன் வந்தன. மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"வெட்ட வேண்டாம்மா. எம் மவ வீட்டுக் கிணத்தை எட்டிப் பாருங்க."