ஃபிரிட்ஜில் இடம்பிடித்த எண்ணெய்

முப்பத்தொன்பது வயதில் தையல்காரியின் விரல்கள் மரத்துப்போயின. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், நரம்பின் உறையை அரிக்கும் நோய் என்று சொல்லி டாக்டர் ஊசிமருந்து கொடுத்தார். அன்றிலிருந்து அவளுடைய அக்காவுக்கு எண்ணெய்ப் பைத்தியம். மீன் எண்ணெய், ஆளிவிதை எண்ணெய் என்று பாட்டில் பாட்டிலாக வந்திறங்கியது.

இன்று ஊசி போடும் நாள். ஃபிரிட்ஜில் இருக்கவேண்டிய மருந்துப்பெட்டி அடுப்பு மேடையில் சூடேறிக் கிடந்தது.

"அக்கா, யாரு இதை வெளிய எடுத்தது?"

"நான்தான்டி. எண்ணெய் கெட்டுப்போயிடும்ல, உள்ள இடமில்ல."

"மருந்து கெடலாமா? எண்ணெய் இந்த நோயை நிறுத்தும்னு இன்னும் நிரூபணமாகலன்னு டாக்டர் தலைப்பாடா அடிச்சுக்கிட்டாரே! கொண்டுபோய் என் தையல் மிஷினுக்கு விடு, அதுவாவது ஓடட்டும்."

"இந்தக் காலத்துல நல்லதே செய்யக் கூடாது," என்று அக்கா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.

நாளை தையல் கடை திறக்காது. புது மருந்து கேட்டுத் தையல்காரி ஆஸ்பத்திரிக்குப் போகிறாள்.