மலையூரில் அக்கா திறந்த கதவு

எங்கள் தெருவில் காலையில் மேலேயிருந்து கூடைகள் இறங்கும். பாண் வண்டி வந்து கோன் அடித்ததும் இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி பல்கனிகளில் வயதான பெண்கள் தோன்றுவார்கள். கயிற்றில் கட்டிய கூடையைக் கையால் அளந்து அளந்து கீழே விடுவார்கள். பாணை வைத்ததும் அது ஆடியாடி மேலே போகும். பனாரு என்பது அந்தக் கூடையின் பெயர். நான் வந்த புதிதில் ஒரு பனாரு என் மூக்குக்கு நேரே வந்து நின்றது. உள்ளே இரண்டு முட்டைகள். ஊருக்குப் புதியவனை இப்படித்தான் வரவேற்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, முட்டைகளை எடுத்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்து "கிராத்சியே" என்று நன்றியும் சொல்லிவிட்டு நடந்தேன். மேலேயிருந்து எழுந்த கூச்சலில் தெரு முழுக்க யன்னல்கள் திறந்தன. முட்டைகள் கீழ்வீட்டுத் தங்கைக்கு இறக்கியவையாம். நான் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்த அம்மா சிரித்த சிரிப்பில் பல்கனிக் கம்பியே ஆடியது. அவர்தான் சிஞ்ஞோரா கொன்செத்தா, கொன்செத்தா அம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குச் சொந்தமான பழைய வீடொன்றில்தான் இன்றுவரை குடியிருக்கிறோம்.

"இத்தாலிக்குப் போனனீ, ரோம் நகரத்தில இருக்காமல் மலையில ஏறி என்னடா செய்யிறாய்?" என்று மன்னாரிலிருந்து தொலைபேசியில் கேட்காத ஆளில்லை. சிசிலித் தீவின் நடுவே, பஸ் மூச்சு வாங்கி ஏறும் உயரத்தில் இருக்கிறது எங்கள் மொந்தேலூனா. ஏன் இங்கே ஒருமுறையாவது வரவேண்டும் என்று நானும் பலருக்குப் பலவிதமாகச் சொல்லிவிட்டேன். மாசி மாதத்தில் இலை வருமுன்பே பாதாம் மரங்கள் பூத்துத் தள்ளும். சந்தியில் கல்லால் செய்த சிங்கத்தின் வாயிலிருந்து இரவு பகலாகத் தண்ணீர் கொட்டும், யாரும் பூட்டுப் போடுவதில்லை. சில காலைகளில் முகில் யன்னலால் உள்ளே வந்து மேசையில் குந்தியிருக்கும். மன்னார்த் தீவில் பிறந்தவனுக்கு இதெல்லாம் எப்பேர்ப்பட்ட விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊரில் உயரமானவை என்றால் பனை, பெருக்கமரம், கோயில் கோபுரம், தலைமன்னார் வெளிச்சவீடு, அவ்வளவுதான். மேடு என்ற சொல்லை நாங்கள் மணல் கும்பிக்குத்தான் பயன்படுத்தினோம்.

இவ்வளவு சொல்லியும் வந்தவர் ஒரே ஒருவர்தான், என் மெற்றில்டா அக்கா. யுத்தம் முடிந்து, முகாமிலிருந்து வெளியே விடப்பட்டு, முசலிப் பக்கத்தில் அத்தானின் கரையோரக் கிராமத்தில் மீண்டும் குடியேறியிருந்தாள். காடு மூடிய காணியைத் துப்புரவாக்கி, தகரக் கொட்டிலில் இருந்துகொண்டே கல்வீட்டுக்கு அத்திவாரம் போட்டிருந்தார்கள். அத்தான் பழையபடி கடலுக்குப் போனார். "வீடு முடியாமல் நான் எங்கயும் வரமாட்டன்" என்றவளை, என் மகள் கோயிலில் முதல் நன்மை வாங்குவதைச் சாட்டாக வைத்துத்தான் இழுத்தேன். விசா கிடைத்ததை அவள் மடு மாதா செய்த புதுமை என்றாள். நானும் மறுக்கவில்லை, அந்த விசாக் கந்தோரில் நின்று பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

பங்குனிக் குளிரில் அக்கா வந்து இறங்கினாள். இரண்டு ஸ்வெற்றருக்கு மேல் என் ஜாக்கெற், அதற்கு மேல் போர்வை. சிங்கத்தின் வாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு "உப்பில்லை" என்று மட்டும் சொன்னாள். உதிராமல் மிஞ்சிய பாதாம் பூவைப் பார்த்து "முருங்கை பூத்தாலும் கறிக்கு ஆகும்" என்றாள். முகிலைப் பற்றிக் கேட்டபோது "உடுப்புக் காயாது" என்றாள். நான் சேர்த்து வைத்திருந்த காரணங்களையெல்லாம் அவள் இப்படியே ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டாள்.

அவள் வந்த நாட்களில்தான் சூசையப்பர் திருநாளும் வந்தது. மன்னாரில் நாங்கள் கொடியேற்றி, நவநாள் செய்து, பெருநாள் திருப்பலியோடு முடிப்போம். இங்கே நேர்த்தி வைத்தவர்கள் வீட்டுக்குள் சூசையப்பருக்கு மேசை போடுவார்கள். மூன்று தட்டுப் பீடம் கட்டி, பாண், தோடம்பழம், மீன், பருப்பு, இனிப்பு என்று நிரப்புவார்கள். தவக்காலம் என்பதால் இறைச்சி மட்டும் கிடையாது. ஊரில் மூன்று பேரைத் தெரிந்தெடுத்து சூசை, மரியாள், குழந்தை யேசு என்று வைப்பார்கள். அந்த மூவரும் முதலில் சாப்பிட வேண்டும். அவர்கள் வாய் வைக்குமுன் மேசையில் ஒரு துண்டையும் யாரும் தொடக்கூடாது.

அந்த வருடம் மேசை போட்டவர் சிஞ்ஞோரா கொன்செத்தா. ஜெர்மனியில் கட்டட வேலை செய்யும் அவருடைய ஒரே மகன் சாரத்திலிருந்து விழுந்து, நடப்பானோ மாட்டானோ என்று கிடந்து எழும்பியிருந்தான். அதற்கான நேர்த்தி. மூவரும் தன் மேசையில் சாப்பிட்டு எழுந்தால்தான் மகனின் கால் முழுதாகக் குணமாகும் என்று அவர் உறுதியாக நம்பினார். நான் வேலை செய்யும் பேக்கரியில் அவருக்காகவே இரவிரவாகப் பாண் சுட்டோம். சூரியன் வடிவப் பாண், மயில் வடிவப் பாண், சூசையப்பரின் தாடி வடிவப் பாண். தாடியைச் சுருள் சுருளாகப் பிடிக்கிற வேலை என்னுடையது. கடற்கரையில் வலை பின்னிய கை என்று முதலாளி என்னைப் புகழ்ந்தார். நான் ஒருநாளும் வலை பின்னியதில்லை, ஆனாலும் மறுக்கவில்லை.

திருநாளன்று மதியம் நானும் மனைவியும் மகளும் மேசை வீட்டில் நின்றோம். அக்கா குளிருக்குப் பயந்து எங்கள் வீட்டிலேயே தங்கிச் சோறு கறி சமைத்தாள். வழக்கம் இதுதான்: மூவரும் முதல் வீட்டைத் தட்டுவார்கள். உள்ளேயிருந்து "யார்?" என்று கேட்கும். "யேசு, மரியாள், சூசை. தங்க இடம் வேண்டும்." "நோன் சே போஸ்தோ", அதாவது இங்கே இடமில்லை. இரண்டாவது வீட்டிலும் அதே பதில். மூன்றாவதாகத் தட்டுவது மேசை வீட்டை. அங்கே கதவு விரியத் திறந்து, மணி அடித்து, பாட்டுப் பாடி உள்ளே அழைப்பார்கள். தெரு முழுக்க மேசை வீட்டில் காத்திருக்கும். அந்த இரண்டாவது வீடு எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே இருந்தது. பாண் தாடியின் மும்முரத்தில் இந்த வழக்கத்தை அக்காவுக்குச் சொல்ல எனக்கு நினைவே வரவில்லை.

நாங்கள் காத்திருந்தோம். முதல் தட்டல் தூரத்தில் கேட்டது. இரண்டாவதும் கேட்டது. மூன்றாவது வரவில்லை. பாட்டுக்காகத் திறந்த வாய்கள் மூடிக்கொண்டன. ஒருவர் வெளியே போய்ப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். சிஞ்ஞோரா மெல்லக் கதிரையில் அமர்ந்தார். அவருடைய முகத்தில் இரத்தமே இல்லை. "புனிதர்கள் என் வீட்டுக்கு வரவில்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்போதுதான் காற்றில் வந்தது தேங்காய்ப்பால் விட்ட மீன்குழம்பின் வாசனை. ஐயோ என்று என் மனைவி என் கையைப் பிடித்தாள்.

ஓடிப்போய்ப் பார்த்தால், எங்கள் மேசையில் சூசை, மரியாள், யேசு மூவரும் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். சூசையாக வந்த கிழவர் பிப்போவுக்கு உறைப்பில் கண்ணீர் வழிகிறது, ஆனால் கரண்டி நிற்கவில்லை. நீல முக்காட்டை அவிழ்த்துவிட்டு மரியாள் அப்பளம் நொறுக்குகிறாள். காலையிலிருந்து பட்டினி கிடந்த யேசு, இரண்டாவது முறையும் சொதிக்குக் கோப்பையை நீட்டுகிறான். அக்கா போர்வையை இடுப்பில் சொருகிக்கொண்டு பரிமாறுகிறாள்.

"அக்கா, என்ன வேலை செய்துபோட்டாய்!"

"என்ன செய்தனான்? கிழவன் ஒண்டு, பொம்பிளைப் பிள்ளை ஒண்டு, சின்னன் ஒண்டு. இந்தக் குளிருக்குள்ள வீடு வீடாத் தட்டுதுகள். ரெண்டு வீட்டிலயும் ஆள் இருந்துகொண்டு திறக்கேல்லை. என்ர கண்ணால பாத்தனான். அதான் கதவைத் திறந்து கூப்பிட்டனான். உங்கட ஊர் நல்ல ஊர் எண்டாய், இதோ உன்ர நல்ல ஊர்?"

"அது விளையாட்டுக்கு அக்கா. வழக்கம்."

"கதவைப் பூட்டுறதில என்னடா விளையாட்டு?"

பிறகு கரண்டியைக் கையில் பிடித்தபடியே சொன்னாள். இத்தனை வருடத்தில் எனக்குத் தொலைபேசியில்கூடச் சொல்லாத கதை. ஊரைவிட்டு எழும்பி மன்னார் ரவுணுக்கு வந்த அன்று, ஊரடங்கு போடப் போகிற நேரம், அவளோடு மாமனாரும் மகளும் சின்னவனும். அத்தான் படகோடு வேறு கரையில் மாட்டியிருந்தார். "தட்டின வீட்டிலயெல்லாம் வெளிச்சம் அணைஞ்சுது. அவையைக் குறை சொல்லேலாது, பயம். பிறகு உப்புக்குளத்தில ஒரு முஸ்லிம் மனுசி கதவு திறந்தவ. தான் வருசக்கணக்காப் புத்தளம் அகதி முகாமில கிடந்து திரும்பி வந்தவவாம். ஒண்டும் கேக்கேல்லை. சோறும் மீன்குழம்பும்தான் போட்டவ." அக்காவின் கண் கலங்கியது. என் கண்ணும்தான், அதில் மறைக்க என்ன இருக்கிறது.

திரும்பிப் பார்த்தேன். வாசலில் சிஞ்ஞோரா நின்றார், அவருக்குப் பின்னால் தெரு முழுவதும் நின்றது. எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியை எல்லாம் கூட்டிப் பெருக்கி அக்கா சொன்னதைச் சொன்னேன். இரண்டாவது வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றினார். சிஞ்ஞோரா பிப்போவின் கோப்பையை எட்டிப் பார்த்தார்.

"சூசையப்பர் சாப்பிட்டாரா?"

"வயிறு வெடிக்கிறது" என்றார் பிப்போ.

"நான் நேர்த்தி வைத்தது புனிதர்கள் என் மேசையில் சாப்பிட வேண்டும் என்று" என்று சிஞ்ஞோரா மெதுவாகத் தொடங்கினார். அவர் எங்கள் மேசையைக் கையால் தடவினார். "இது யாருடைய மேசை? என் மாமியாருடையது. வீட்டோடு சேர்த்து உங்களுக்குத் தந்தது. நேர்த்தி நிறைவேறிவிட்டது."

அப்போது எழுந்த சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். சிஞ்ஞோரா வாசலுக்குத் திரும்பிப் போய், திறந்திருந்த எங்கள் கதவை விரலால் தட்டினார். தனக்கு இடமிருக்கிறதா என்று கேட்டார். அக்காவுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. "வாங்கோ, வாங்கோ, உதில இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டாள். தாடிப் பாணும் மயில் பாணும் மேசை வீட்டிலிருந்து கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்தன. பிப்போ தாடியைப் பிய்த்து மீன்குழம்பில் தோய்த்தார். ஜெர்மனியிலிருந்து மகன் தொலைபேசியில் வந்தான். சிஞ்ஞோரா, சூசையப்பர் இம்முறை தேங்காய்ப்பால் குடித்தார் என்று அவனிடம் கத்தினார். அன்று பின்னேரம் சிங்கத்தடியில் நின்று அக்கா சொன்னாள், "நல்ல ஊர்தான்ரா."

இப்போது என்னை யாராவது மொந்தேலூனாவுக்கு ஏன் வரவேண்டும் என்று கேட்டால், பாதாம் பூவைப் பற்றிப் பேசுவதில்லை. வந்து ஒரு கதவைத் தட்டிப் பாருங்கள் என்கிறேன்.

அக்கா ஊருக்குத் திரும்பினாள். கல்வீடு எழும்பியது. கதவு நிலை வைத்த வருடத்திலிருந்து அவளும் பங்குனியில் சூசையப்பருக்கு மேசை போடுகிறாள். தட்டுவதற்கு மூன்று பேரைத் தெரிந்தெடுப்பதில்லை, ஊரே தட்டலாம். எங்கள் தெருவிலோ, இரண்டாவது வீட்டுக்காரர் இனி அந்தப் பதிலைச் சொல்லத் தன்னால் முடியாது என்று விலகிவிட்டார். அந்தப் பொறுப்பு, உச்சரிப்புத் தெளிவு என்ற சாட்டில், என் தலையில் விழுந்தது.

இந்த வருடமும் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். இங்கே மதியம், அங்கே பின்னேரம். அக்கா தொலைபேசியில் இருந்தாள். அவள் வீட்டுச் சத்தம் காதுக்குள் கேட்டது, தகரம் போய்ச் சீமெந்தான வீட்டின் சத்தம். வெளியே தட்டினார்கள். நான் தொலைபேசியைக் கன்னத்தோடு அணைத்தபடியே உரத்த குரலில் "நோன் சே போஸ்தோ" என்றேன். அக்காவுக்குத் தெரிந்த இத்தாலியம் அது ஒன்றுதான்.

"தம்பி, ஆருக்கடா இடமில்லை எண்டுறாய்?" என்று கேட்டாள். அதற்குள் அவள் வீட்டுக் கதவையும் யாரோ தட்டினார்கள். "வாங்கோ, வாங்கோ!" என்று அவள் கூப்பிட்டது என் வீட்டுக் கதவுக்கு வெளியேயும் கேட்டிருக்க வேண்டும். அடுத்த வீட்டுக்குப் போகத் திரும்பிய காலடிகள் நின்றன. நான் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தேன்.