அண்ணி விழுங்கிய இரும்பு மருந்து

பிறந்த பிறகுதான் பிள்ளைக்கு மூச்சு என்று பதினேழு வயது வரை நானும் நம்பியிருந்தேன். ஹட்டன் டவுன் பள்ளிக்கூடத்து வாத்தியார் கரும்பலகையில் ஒரு தொப்புள்கொடியை வரைந்தார். அந்த நம்பிக்கை அன்றோடு போயிற்று. வயிற்றுப் பிள்ளைக்குப் பிராணவாயுவைக் கொண்டுபோவது தாயின் இரத்தமாம். அந்த இரத்தத்தில் இரும்பு குறைந்தால் பிராணவாயுவும் குறைந்து, வளர்கிற மூளைக்கே கேடு வரலாமாம். பஸ்ஸைவிட்டு இறங்கி, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயம் வரைக்கும் ஓடினேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே!

அகப்பட்டவர் அண்ணி. அப்போது அவருக்கு நாலு மாதம். நகமெல்லாம் வெளுத்துக் கிடந்தது. அவருடைய மூத்த மகள் உடம்பெல்லாம் நீலம் பாய்ந்து பிறந்து, வெகுநேரம் அழாமல் கிடந்தவள். நாலு வயதாகியும் இரண்டொரு சொல்தான் பேசுவாள்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் கர்ப்பிணிகளுக்கு இரும்பு மருந்து ஊற்றுவார்கள். அதைக் குடித்தால் பிள்ளை கறுத்துப்போகும் என்பது எங்கள் லயத்துப் பெண்களின் தீர்ப்பு. வாயில் அடக்கிக்கொண்டு வந்து தேயிலைத் தூரில் துப்பிவிடுவார்கள். மூத்தவளைச் சுமந்தபோதும் சரி, இப்போதும் சரி, அண்ணியும் அதையே செய்தார்.

நான் படபடவென்று பாடம் நடத்தி முடித்தேன். அண்ணி கையை உயர்த்தினார்.

“இரு தம்பி. ரத்தம் கூடை, மூச்சு கொழுந்து, அப்படித்தானே? இரும்பு இல்லாட்டி கூடை பத்தாது. எத்தனை நடை நடந்தாலும் கொழுந்து கொறைச்சலாத்தான் போய்ச் சேரும்.”

வாத்தியாருக்கு ஒரு மணி நேரம் பிடித்த விஷயம்! அடுத்த கேள்விக்குத்தான் நான் தயாராக இல்லை.

“அப்ப மூத்தவ இப்படி இருக்கிறது நான் துப்புனதாலயா?”

“அதுதான்னு யாராலயும் சொல்ல முடியாது அண்ணி. பொறக்கிறப்ப கொடி சுத்தியிருக்கலாம், வேற ஏதாச்சும்...”

“மழுப்பாத. சோறு வைக்கிறேன், கை கழுவிட்டு வா.”

மறுநாள் டிஸ்பென்சரி வாசலில் எல்லார் முன்னாலும் மருந்தை விழுங்கி, வாயைத் திறந்தும் காட்டினாராம்.

“ஏண்டி, கரிக்கட்டையா பெக்கப் போற?” என்று ஒருத்தி சிரித்திருக்கிறாள்.

“கறுப்பா இருந்தா என்ன? கத்திக்கிட்டு வரட்டும்!”

அதற்குப் பிறகு ஒரு நாளும் அவர் துப்பவில்லை. மலையில் கொழுந்து பறிக்கும்போது கூடைக் கணக்கைச் சொல்லிச் சொல்லியே இன்னும் இரண்டு பெண்களையும் விழுங்க வைத்தார். என் பாடம் அவர்களிடம் எடுபட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

மழை பெய்த ஒரு பகல்பொழுதில் பையன் பிறந்தான். அவன் போட்ட சத்தம் தகரக் கூரை மழையையும் மீறிக் கேட்டது. உள்ளே போனேன். அண்ணி ஒரு பக்கம் அவனையும் மறுபக்கம் மூத்தவளையும் அணைத்தபடி படுத்திருந்தார்.

“இவன் பொழைச்சுக்குவான். உன் புத்தகத்துல இவளுக்கு என்ன மருந்து போட்டிருக்கு?”

“ஒண்ணும் இல்ல அண்ணி.”

மகளின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

“அப்ப நாமதான் சொல்லிக் குடுக்கணும். ஹட்டனுக்குப் போனா ஒரு சிலேட்டு வாங்கிட்டு வா. மெதுவா எழுதட்டும், என்ன அவசரம்?”