தொட்டால் விழும் விளையாட்டு

பெரிய ஆஸ்பத்திரியின் பிணவறையில் உடல்களைக் கழுவித் துடைத்துக் கொடுப்பது அவள் வேலை. எவ்வளவு சிதைந்த முகமானாலும், சொந்தக்காரர்கள் வந்து பார்க்கும்போது மனசு ஆறுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று தலைகூட வாரிவிடுவாள். தெருவில் அவளுக்குப் பிணவறைக்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

போட்டுக்கொண்டது ஆறு வயது மகள் சிட்டு.

ஒரு சாயங்காலம் குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தால், பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரால் குழந்தை உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அம்மா நாரைப் பிடுங்கி எறிந்தாள்.

"என்னடி பண்ற?"

"அம்மா, நான் தொட்டா செத்துருவாங்களா?"

பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு விளையாட்டாம். சிட்டு யாரைத் தொட்டாலும் அவர்கள் பொத்தென்று விழுந்து பிணமாகக் கிடக்க வேண்டும். முதலில் இவளுக்கும் சிரிப்பாகத்தான் இருந்திருக்கிறது. துரத்தித் துரத்தித் தொட்டிருக்கிறாள். அப்புறம் சாப்பிடும்போதுகூட யாரும் பக்கத்தில் உட்காரவில்லை.

மடியில் உட்கார வைத்து மருந்து தடவினாள்.

"நீ தொட்டா யாரும் சாக மாட்டாங்க, கண்ணு."

"அப்போ ஏன் அப்படிச் சொல்றாங்க?"

"சாவுன்னா எல்லாருக்கும் பயம். அந்தப் பயத்தை நம்ம மேல காட்டுறாங்க."

"அவங்க வீட்ல யாராவது செத்தா நீதானே குளிப்பாட்டுவ? அப்பவும் நம்ம பக்கத்துல உட்கார மாட்டாங்களா?"

உடலை வாங்கிக்கொண்டு போகும்போது அவள் கை பட்டுவிடாமல் ஒதுங்குகிறவர்களை நாள் தவறாமல் பார்க்கிறாள். "தெரியலம்மா" என்றாள்.

மறுநாள் போய் டீச்சரைப் பார்த்தாள்.

"சின்னப் பசங்க விளையாட்டு, பெருசு பண்ணாதீங்க" என்றார் டீச்சர். "அவ மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் கடைசி பெஞ்சுல தனியா உட்கார வெச்சிருக்கேன்." சொல்லிக்கொண்டே தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

பெயிண்டரான அவள் கணவன் அதற்கு மேல் பொறுக்கவில்லை. பஸ்ஸில் போகிற தூரத்தில் வேறொரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தான். அங்கே சிட்டுவுக்குச் சீக்கிரமே சிநேகிதிகள் கிடைத்தார்கள். வீட்டில் வாய் ஓயாமல் அவர்கள் பேச்சுதான். அம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

ஒரு நாள் வேலை சீக்கிரம் முடிந்ததால், கணவனுக்குப் பதில் அவளே கூப்பிடப் போனாள். குழந்தை ஒரு சிநேகிதியோடு கைகோத்து வந்தாள். அம்மாவைக் கண்டதும் முகம் செத்துவிட்டது.

"உங்க அம்மாவா?" என்று கேட்டாள் சிநேகிதி.

"இல்ல. எங்க வீட்ல வேலை செய்றவங்க."

"எங்க வீட்லயும் ஒருத்தங்க இருக்காங்க. சோபாவுல உட்கார விட மாட்டோம்."

"நாங்களும் விட மாட்டோம்" என்றாள் சிட்டு.

அம்மா புத்தகப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

பஸ்ஸில் அம்மா மெல்லக் கேட்டாள்: "சோபாவுல உட்கார விடாத அந்த வேலைக்காரம்மாவுக்கும் உன்னை மாதிரி ஒரு பொண்ணு இருந்தா, அவளுக்கு எப்படி இருக்கும்?"

சிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. இறங்கும் இடம் வந்ததும், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நாளைக்கு நீ வராதம்மா. அப்பா வரட்டும்."

"சரி" என்றாள் அம்மா.

சரி என்று சொல்லியிருக்கக் கூடாது என்று பல நாள் மனசு அறுத்தது. ஆனாலும் அதன் பிறகு அவள் அந்தப் பள்ளி வாசலுக்குப் போகவே இல்லை.