ஆடை கட்டிய தேநீர்

அந்தக் கோப்பை இன்னும் அம்மாவின் அலுமாரியில் இருக்கிறது. வெள்ளை, விளிம்பில் பொன்னிறக் கோடு, விருந்தாளிகளுக்கு மட்டும். அதில் ஊற்றிய பால் தேநீர் ஆறி, மேலே ஆடை கட்டி, அந்த ஆடை சுருங்கி ஓரத்தில் ஒட்டிக்கொண்டதை ஒருநாள் நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அக்காவைப் பெண் பார்க்க வந்த வீட்டின் தகப்பனுக்குக் கொடுத்த தேநீர் அது. சம்பந்தம் பிடிக்காத வீட்டில் வாய் நனைப்பதில்லை என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். ஊரை விட்டு வந்தோம், மொழியை மாற்றினோம், பனியில் சறுக்கக்கூடப் பழகினோம். இதை மட்டும் பெட்டியில் கவனமாக மடித்துக் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம்.

அக்கா அப்போது வேறொரு நகரத்தில் அறை எடுத்துத் தங்கி, இரண்டு வருடக் கல்லூரிப் பட்டம் ஒன்றை முடித்திருந்தாள். சமயங்களின் வரலாறு, தத்துவம், இலக்கியம். எங்கள் ஆட்கள் அதை 'ஆர்ட்ஸ்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். சொல்லும்போது உதடு கொஞ்சம் கோணும். நோர்வேயில் அந்தக் கோணலோடு கடனும் சேர்ந்துகொண்டது. இங்கே படிப்புக்கென்று பெரிய கட்டணம் இல்லை, ஆனால் படிக்கும் காலத்தில் சாப்பிடவும் வாடகை கொடுக்கவும் அரசாங்கம் கடன் தரும். சோதனைகளில் சித்தியடைந்தால் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்துவிடும். மீதியை உழைத்துக் கட்ட வேண்டும். டொக்டருக்குப் படிக்கிறவனும் இதே கடனைத்தான் எடுக்கிறான். அவனிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. அக்காவினுடையது மட்டும் 'லோன்' ஆகி, நாங்கள் இருந்த மோர்டென்ஸ்ருட் பகுதி முழுக்கத் தெரிந்த நோய் மாதிரி ஆனது. பட்டத்தோடு அவளுக்குக் கிடைத்த வேலை ஸ்ட்ரோம்மனில் ஒரு சப்பாத்துக் கடையில். படித்தவுடன் கதவுகள் திறந்தன என்று நான் பொய் எழுதப் போவதில்லை. ஒரு கதவும் திறக்கவில்லை.

நான் அவளுக்கு மூன்று வயது இளையவள். மின்சார வேலையில் லேர்லிங்காக, அதாவது சம்பளத்தோடு தொழில் பழகுபவளாக இருந்து, அப்போதுதான் தொழிற்சான்றிதழ் எடுத்திருந்தேன். கடன் ஒரு குரோனரும் இல்லை. ஆனாலும் பெண்பிள்ளை ஏணியில் நின்று வயர் இழுக்கிறாள் என்பதை அம்மா கோயிலில் யாருக்கும் சொன்னதில்லை. அப்படிப் பார்த்தால் ஒரு வீட்டில் இரண்டு வெட்கங்கள்.

அக்காவைப் பார்க்கத் திராமன் நகரத்திலிருந்து வந்தவர்கள் தாயும் தகப்பனும் மட்டும். மகன் வேலையில் நின்றான். தாய் உட்கார்ந்தவுடனேயே தேநீரைக் குடித்து முடித்து, வடை நல்ல பதம் என்று சொல்லி, அக்காவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். தகப்பன் கோப்பையைத் தொடவில்லை. தங்களுக்குச் சீதனம் ஒன்றும் வேண்டாம், தாங்கள் அப்படியான ஆட்கள் இல்லை என்று தொடங்கினார். அப்பாவின் முகம் மலர்ந்தது. அடுத்த கேள்வி, "பிள்ளைக்கு லோன் எவ்வளவு கிடக்கு?"

அக்கா மறைக்காமல் சொன்னாள். அவர் கூரையைப் பார்த்து மனக்கணக்கில் ஏதோ பெருக்கினார். மகனும் மருமகளும் வீடு வாங்கப் போனால் வங்கி இந்தக் கடனையும் சேர்த்துத்தான் பார்க்கும், அந்த அளவுக்கு வீடு சிறுக்கும் என்றார். அது உண்மை. அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். பொய் என்றால் அந்த இடத்திலேயே வெட்டிப் பேசியிருக்கலாம். இந்தப் படிப்புக்கு என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டார்.

"இப்போதைக்குச் சப்பாத்து விக்கிறன், அங்கிள்" என்றாள் அக்கா.

அவர் தலையாட்டினார். பிறகு வடைத்தட்டோடு நின்ற என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அப்பாவிடம் கேட்டார்: "சின்னவவுக்கும் லோன் கிடக்கோ?"

அவருடைய மனைவி கண்ணை மூடிக்கொண்டார். அக்காவுக்குப் பதிலாக என்னைக் கேட்கிறார் என்பது அப்பாவுக்குப் பிறகுதான் விளங்கியது.

"எனக்கு லோன் இல்லை அங்கிள். வாய் இருக்கு" என்று நான் தொடங்கினேன். மிச்சத்தையும் சொல்லியிருப்பேன், அக்கா எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும்.

"லோன் என்ரை, அங்கிள். நான்தான் கட்டுவன். தேத்தண்ணியைக் குடியுங்கோ, அதுக்கு வட்டி இல்லை."

அவர் குடிக்கவில்லை. போகும்போது அந்தத் தாய் அக்காவின் கையை அழுத்திவிட்டுப் போனார்.

அவர்கள் போன பிறகு அம்மா என் வாயைத் திட்டினார். அப்பா வேறு யோசனையில் இருந்தார். சேமிப்பை எடுத்துக் கடனை ஒரேயடியாகக் கட்டிவிட்டால் அடுத்து வருகிறவர்களிடம் லோன் இல்லை என்று சொல்லலாம் என்றார். சீதனம் வாங்காமல் கல்யாணம் செய்ததை வாழ்நாள் முழுவதும் பெருமையாகச் சொன்ன மனிதர் அவர்.

"நீங்கள் கட்டினா அதுக்குப் பேர் சீதனம், அப்பா" என்றாள் அக்கா. அப்பா அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவே இல்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லோரும் கணக்கைத்தான் கேட்கிறார்கள். சம்பளத்தில் அன்றும் இன்றும் நான்தான் முன்னுக்கு. அவள் படித்த இரண்டு வருடமும் நான் உழைத்தேன். அதற்குப் பிறகு அவள் கடன் கட்டிய காலத்தில் நான் சேமித்தேன். அந்த இடைவெளியை அவள் இனி எட்டிப்பிடிக்கப் போவதில்லை. காசு மட்டும்தான் கேள்வி என்றால் என் பிள்ளைகளுக்கு நான் வயரைத்தான் காட்டுவேன். ஆனால் அதே திராமன் மனிதர் தன் மகள் பெரியவளான சாமத்திய வீட்டுக்கு ரதம் பிடித்து, மண்டபம் பிடித்து, வங்கியில் கடன் எடுத்ததை ஊரே அறியும். நாங்களும் போய்ச் சாப்பிட்டோம். ஒருநாள் ஊர்வலத்துக்கு, படிப்புக் கடனைவிடக் கூடின வட்டிக்கு எடுத்த கடன் அது. அதற்குப் பெயர் கௌரவம். ஒரு பெண் இரண்டு வருடம் புத்தகம் படிக்க எடுத்தால் அதற்குப் பெயர் குறை. எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. வரட்டும்.

அக்கா பின்னர் மட்டக்களப்புக் குடும்பத்துப் பையன் ஒருவரைத் தானே பார்த்துக் கட்டினாள். அவர் ஆசிரியர், அவருடைய லோன் இவளுடையதிலும் பெரிது. "நல்ல பொருத்தம்" என்று அம்மா தலையில் கைவைத்தார். சப்பாத்துக் கடையில் சில வருடங்கள் நின்றபின், இறுதிச் சடங்குகளை ஒழுங்கு செய்யும் நிறுவனம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. முஸ்லிம், பௌத்தர், சைவர், எதையும் நம்பாதவர் என்று யார் வந்தாலும் என்ன கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்று தெரிந்த ஆள் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அதைத்தான் அவள் படித்திருந்தாள். சம்பளம் பரவாயில்லை, அவ்வளவுதான். கடன் இன்னும் முடியவில்லை. மின்கட்டணம் போவதுபோல மாதாமாதம் போகிறது. அப்பா செத்தபோது ஒரு சதமும் அவளுக்காகக் கட்டியிருக்கவில்லை. அதில் இரண்டு பேருக்கும் பெருமை.

போன மாதம் வேலை முடிந்து வான் வண்டியில் ஏறும்போது அவள் அழைத்தாள். திராமன் ஐயா அவளுடைய அலுவலகத்துக்கு வந்திருந்தாராம். மனைவி ஒஸ்லோ ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். வடையைப் புகழ்ந்த, கையை அழுத்திவிட்டுப் போன அதே தாய். கதவைத் திறந்தவுடன் அக்காவை அடையாளம் கண்டு, திரும்பிப் போகலாமா என்பதுபோல நின்றாராம். இவள்தான் கதிரையை இழுத்துக் கொடுத்தாளாம்.

"உன்னைக் கேட்டவர். சின்னவ சுகமோ, வாய் இன்னும் இருக்கோ எண்டு."

"நீ ஒண்டும் கேக்கேல்லையோ? அந்த லோன் கதையை?"

"மனிசி செத்து வந்து நிக்கிற ஆளிட்டை என்னடி கேக்கிறது? அந்த அன்ரிக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் எண்டு கேட்டன். அதுக்குத்தான் அழுதவர்."

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது.

"தேத்தண்ணி குடுத்தனீயோ?"

"ஓம்."

"குடிச்சவரோ?"

"ஆற முதலே குடிச்சு முடிச்சிட்டார்" என்றாள் அக்கா. "இன்னொண்டு ஊத்திக் குடுத்தனான்."